ஐந்தாம் அத்தியாயத்தில் நின்ற பென்சில்

மைசூர் பேங்க் சர்க்கிளில் தொடங்கி கே.ஆர். மார்க்கெட் வரை நீளும் பெங்களூரின் அவென்யூ சாலையில், பழைய புத்தகக் கடைகளின் வாசலில் பொறியியல் நூல்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். கல்லூரி திறக்கும் பருவத்தில் அங்கே வரும் முதலாண்டு மாணவர்கள் நூலின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, எந்த ஸ்கீம், எந்த செமஸ்டர், எந்த சப்ஜெக்ட் என்று சொல்லிக் கேட்பதே அதிகம். கடைக்காரரும் அந்தக் கணக்கில்தான் அடுக்கி வைத்திருப்பார். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும், 2010 ஸ்கீம், 2015 ஸ்கீம், 2018 ஸ்கீம், 2022 ஸ்கீம் என்று, அதுவரை விலைபோன அடுக்கு ஒன்று எடைக்குப் போகும் பழைய தாளாகிவிடும்.

அந்தப் பிரதிகளில் நிரலாக்க நூல் ஒன்றை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினால், அதை முன்பு வைத்திருந்தவர் எதுவரை வந்தார் என்பது தெரியும். முதல் அத்தியாயத்தில் அடிக்கோடுகள் நெருக்கமாக இருக்கும். மாறிகள், தரவு வகைகள் வரும் பக்கங்களில் ஓரக் குறிப்புகள் இருக்கும். மடக்குகளில் பென்சில் தயங்கும். செயற்கூறுகளும் அணிகளும் வரும்போது அடிக்கோடு போய், தேர்வில் வந்த கேள்விகளுக்கு நேரே நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும். பாயின்டர் பகுதியின் தாள் பல பிரதிகளில் அச்சகத்திலிருந்து வந்தபடியே மொடமொடவென்று இருக்கும்.

நிரலாக்கத்துக்கு எந்த நூலை வைப்பது என்ற விவாதம் கல்லூரிகளில் வரும்போது, எந்த மொழி, எந்த ஆசிரியர், பாடத்திட்டத்தின் ஐந்து மாட்யூல்களையும் நூல் தொடுகிறதா என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து படிக்கும் மாணவரை இந்த நூல் எந்தப் பக்கத்தில் கைவிடும் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இந்தியாவில் இந்தக் கேள்வியை ஏறக்குறைய முதலாவதாக எதிர்கொண்டவர் தன் பிற்கால வாழ்வைப் பெங்களூரில் கழித்தவர். 1933-இல் ஈரோட்டில் பிறந்து டெல்லியில் வளர்ந்த வைத்தீஸ்வரன் ராஜாராமன், 1950-களின் நடுவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்தார். விஸ்கான்சினிலிருந்து வந்திருந்த பேராசிரியர் வின்சென்ட் ரைட்அவுட்டின் வழிகாட்டலில் அங்கே ஓர் அனலாக் கணிப்பொறி உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு எம்.ஐ.டி., விஸ்கான்சின் என்று போய் முனைவர் பட்டம் பெற்றவர், 1963-இல் நாடு திரும்பி கான்பூர் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்ற கணிப்பொறி கான்பூரில் வந்து இறங்கியது.

கணிப்பொறி வந்துவிட்டது. அதை இயக்கக் கற்பிக்க, இந்திய மாணவருக்கென்று எழுதப்பட்ட நூல் கையில் இல்லை. கான்பூரில் நிரலாக்கத்தை எல்லாத் துறை மாணவர்களுக்கும் கட்டாயப் பாடமாக வைத்தார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பத்து நாள் தீவிரப் பயிற்சிகள் நடந்தன. சிவில் படித்தவரும் உலோகவியல் படித்தவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஃபோர்ட்ரான் என்ற நிரலாக்க மொழியைக் கற்றார்கள். ராஜாராமனின் முதல் நிரலாக்க நூல் அந்த வகுப்பறைகளில் விளைந்தது. 1960-களின் இறுதியில் பிரென்டிஸ் ஹால் ஆஃப் இந்தியா அதை வெளியிட்டது. வெளிநாட்டுப் பாடநூல்களை இந்திய மாணவரின் கைக்கெட்டும் விலையில் தருவதற்காக 'ஈஸ்டர்ன் எகானமி எடிஷன்' என்ற முத்திரையோடு மலிவுப் பதிப்புகளைக் கொண்டுவந்த நிறுவனம் அது.

அன்றைய மாணவர் நிரலை முதலில் தாளில் எழுத வேண்டும். பிறகு அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, கணிப்பொறி மையத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினால் மறுபடியும் வரிசை. அதனால் கட்டை ஒப்படைக்கும் முன்னரே நிரலை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்தது. இந்த வரிக்குப் பின் இந்த மாறியில் என்ன இருக்கும், அடுத்த சுற்றில் அது என்னவாகும் என்று தாளில் கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். வசதிக் குறைவு கொடுத்த பயிற்சி அது. இன்று கைபேசியிலேயே நிரலை எழுதி அடுத்த நொடியில் விடை பார்க்க முடிகிறது. ஆனால் காத்திருந்த தலைமுறைக்குத் தானாகக் கிடைத்த அந்தத் திறமை, காத்திருக்கத் தேவையில்லாத தலைமுறைக்குத் தானாகக் கிடைப்பதில்லை. அதைக் கொடுக்கும் பொறுப்பு இப்போது நூலின் மேல் விழுந்திருக்கிறது.

ராஜாராமன் 1982-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து, அங்கே சூப்பர்கம்ப்யூட்டர் கல்வி ஆய்வு மையத்தை வளர்த்தார். நாட்டுக்குத் தேவையான கணிப்பொறிப் பணியாளர்களைப் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி, எம்.சி.ஏ. என்ற பட்டப்படிப்பு வரக் காரணமாக இருந்தார். இவ்வளவு பொறுப்புகளுக்கு நடுவிலும் தொடக்கநிலை நூல் எழுதுவதை அவர் விடவில்லை. ஃபோர்ட்ரான் மாறியபோது புதிய ஃபோர்ட்ரானுக்கு எழுதினார். கோபால் (COBOL) மொழிக்கு எழுதினார், பிறகு சி மொழிக்கும் எழுதினார். 2025 நவம்பரில் தன் 92-ஆவது வயதில் பெங்களூரில் காலமானார். பத்மபூஷண் பெற்ற ஓர் அறிவியலாளர், முதல் நிரலை எழுதப்போகும் மாணவருக்காகத் தன் வாழ்நாளில் இத்தனை ஆண்டுகளைச் செலவிட்டதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இன்று பெங்களூரின் பெரிய ஆய்வாளர்களில் தொடக்கநிலைப் பாடநூல் எழுத முன்வருபவர்கள் குறைவு. பதவி உயர்வுக் கணக்கில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு உள்ள மதிப்பு முதலாண்டுப் பாடநூலுக்குக் கிடைப்பதில்லை.

தொடக்கநிலை மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார்? இதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை, உலக அளவில் ஆய்வுகள் இருக்கின்றன. 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையில் ஒரு குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. எளிய கணக்கீட்டுக் கருவி ஒன்றுக்கு நிரல் எழுத வேண்டும். 110 மதிப்பெண்ணுக்கு மாணவர்களின் சராசரி 22.89. பாடத்தை முடித்தவர்களாலேயே நிரல் எழுத முடியவில்லை. ஒருவேளை சிக்கலைப் பகுத்துத் தீர்வு காணத்தான் தெரியவில்லையோ என்று முதலில் எண்ணினார்கள். 2004-இல் ரேமண்ட் லிஸ்டரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். எழுதுவது இருக்கட்டும், எழுதிக் கொடுத்த சிறு நிரலைப் படித்து அதன் விளைவைச் சொல்ல முடிகிறதா என்று ஏழு நாட்டு மாணவர்களிடம் சோதித்தார்கள். கணிசமான பகுதியினருக்கு அதுவும் தடுமாற்றமாகவே இருந்தது. எழுதத் தெரியாமல் இருந்த பலருக்கு முதலில் படிக்கவே தெரிந்திருக்கவில்லை.

இதற்கும் முன்னால், 1986-இல் ராய் பீ என்ற ஆய்வாளர் ஒரு மூலக் காரணத்தைச் சுட்டிக்காட்டினார். தன் எண்ணத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் கணிப்பொறிக்குள் ஒளிந்திருக்கிறது என்று தொடக்கநிலை மாணவர் தன்னையறியாமல் நம்புகிறார். மாறிக்கு 'பெரியது' என்று பெயர் வைத்தால் அதில் பெரிய எண் தானே வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கிறார். மனிதரோடு பேசிப் பழகிய எவருக்கும் வரக்கூடிய எதிர்பார்ப்புதான் இது. கணிப்பொறி எதையும் ஊகிக்காது, வரிக்கு வரி சொன்னதை மட்டும் செய்யும் என்பதை முதல் நூறு பக்கங்களுக்குள் உடலில் ஊறவைக்காத நூல், மற்ற எதில் சிறந்திருந்தாலும் தொடக்கநிலை மாணவருக்குப் பயன்படாது.

மிகச் சிறிய வரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: அ = அ + 1. பன்னிரண்டு ஆண்டுகள் கணிதம் படித்துவிட்டு வரும் மாணவருக்கு இது பச்சைப் பொய். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று அதிகமான எண்ணுக்குச் சமமாக இருக்க முடியாது. இங்கே '=' என்பது சமத்துவத்தைச் சொல்லவில்லை, வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெட்டியில் போடு என்ற கட்டளையைச் சொல்கிறது. நல்ல நூல் இந்த இடத்தில் நின்று, பெட்டி வரைந்து, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதிக் காட்டும். அவசரப்படும் நூல் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடும். பிற்பாடு மடக்குகளில் சிக்கித் தவிக்கும் மாணவரின் நோய்க்கு வேர் பல நேரம் இந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

ஆர்.ஜி. ட்ரோமி 1982-இல் எழுதி, இந்தியக் கல்லூரிகளின் பாடப் பட்டியல்களில் நெடுங்காலம் இருந்த நூல் இங்கே நினைவுகூரத் தக்கது. கணிப்பொறியால் சிக்கல்களைத் தீர்ப்பது எப்படி என்பதே அதன் தலைப்பின் பொருள். அடிப்படை வழிமுறைகளை அறிமுகப்படுத்தும் அத்தியாயத்தில் அது எடுத்துக்கொள்ளும் முதல் சிக்கல், இரண்டு மாறிகளில் உள்ள மதிப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றுவது. ஒரு டம்ளரில் பால், இன்னொன்றில் மோர். இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். நிரலில் அதைச் செய்யும்போது, முதல் வரியிலேயே பழைய மதிப்பு அழிந்துபோவதை மாணவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ட்ரோமி விடையை எடுத்த எடுப்பில் தருவதில்லை. தவறான வழியில் கொஞ்ச தூரம் நடத்திச் சென்று, அது எங்கே உடைகிறது என்று காட்டிவிட்டுத்தான் சரியான வழிக்குத் திரும்புகிறார். பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட அந்த நூல் மொழியால் பழையதாகிவிட்டது. அதன் முறை பழையதாகவில்லை.

1980-களின் பின்பாதியிலிருந்து இந்திய மாணவரின் மேசையை ஆண்டது சி மொழி. தமிழகத்தைச் சேர்ந்தவரும் பின்னர் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவருமான இ. பாலகுருசாமியின் நூலும், நாக்பூரின் யஷ்வந்த் கனேத்கரின் நூலும் இரண்டு தலைமுறைகளுக்குச் சி மொழியைக் கற்றுக்கொடுத்தன. குட்டி வாக்கியங்கள், குட்டி நிரல்கள், ஒவ்வொன்றுக்கும் விடையோடு விளக்கம். ஆங்கிலத்தை இரண்டாவது, மூன்றாவது மொழியாகக் கற்று வந்த மாணவருக்கு அது பெரிய ஆறுதல். பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் இன்று ஐம்பது வயதை நெருங்கும் பொறியாளர்கள் பலர் இந்த இரண்டில் ஒன்றை வைத்துத்தான் முதல் நிரலை எழுதினார்கள். மேல்நாட்டு நூல்களின் பெயரைச் சொல்லி இவற்றைத் தூக்கிப்போடுவது நியாயமல்ல.

ஆனால் அந்தக் காலத்தின் நூல்களும் ஆய்வகங்களும் ஒரே ஒரு கருவியைச் சுற்றி வளர்ந்தன. போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த டர்போ சி. டாஸ் காலத்து 16 பிட் கருவி அது. அதில் ஒரு முழு எண்ணின் உச்சம் 32,767. அதோடு ஒன்றைக் கூட்டினால் எதிர்மறையாக −32,768 வரும். டர்போ சி-யின் இந்தக் குணம் சி மொழியின் குணமாகவே பலர் மனத்தில் பதிந்தது. திரையைத் துடைக்கும் கட்டளை போன்ற, அந்தக் கருவிக்கு மட்டுமே உரியவை ஒவ்வொரு நிரலின் தலையிலும் மந்திரம்போல் ஏறிக்கொண்டன. லினக்ஸில் அதே நிரலைப் போட்டால் ஓடாது. புதிய விண்டோஸில் டர்போ சி-யை ஓட்ட, பழைய டாஸை நடிக்கவைக்கும் இன்னொரு மென்பொருளை நிறுவிக்கொண்டு கல்லூரிகள் காலம் தள்ளின. வரியை உள்ளீடாக வாங்கும் 'கெட்ஸ்' என்ற செயற்கூறு, நினைவகத்தின் எல்லையைத் தாண்டி எழுதிவிடும் ஆபத்துள்ளது என்பதால் 2011-ஆம் ஆண்டின் சி தரநிலையிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு அச்சான நூல்களிலும் அது தொடர்ந்தது.

இதைவிட ஆழமான சேதம் ஒன்று உண்டு. ஒரே வரியில் ஒரு மாறியை இரண்டு முறை மாற்றி எழுதிவிட்டு, 'இதன் விடை என்ன?' என்று கேட்கும் புதிர்கள். இப்படிப்பட்ட வரிக்கு விடை என்னவென்று சி தரநிலை வரையறுக்கவே இல்லை. ஒரு கருவி ஒரு விடையைத் தரும், இன்னொன்று வேறொன்றைத் தரும், இரண்டுமே தவறல்ல. ஆனால் வளாக நேர்காணல்களிலும் கல்லூரித் தேர்வுகளிலும் அதற்கு ஒரே 'சரியான' விடை இருந்தது. கணிப்பொறி எதையும் ஊகிக்காது என்பதைக் கற்க வேண்டிய மாணவர், கருவியின் மனத்தை ஊகிக்கப் பழகிக்கொண்டார். பாடநூலைத் தேர்ந்தெடுப்பவர் கேள்விப் பகுதியைத் திறந்தவுடன் இத்தகைய புதிர்கள் தென்பட்டால், அந்த நூலை அங்கேயே மூடிவைத்துவிடலாம்.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. மொழியைப் படைத்தவரே எழுதியது என்பதற்காகப் பிரையன் கெர்னிகனும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய சி நூலை முதலாண்டு மாணவர் கையில் கொடுத்துவிடுவது. 1978-இல் வந்து, 1988-இல் திருத்தப்பட்ட அந்த நூல் முந்நூறு பக்கம்கூட வராது. கணிப்பொறி எழுத்தில் அதைப் போன்ற சிக்கனமும் தெளிவும் அரிது. ஆனால் அதன் ஆசிரியர்களே முன்னுரையில், இது நிரலாக்கத்துக்கு அறிமுக நூல் அல்ல, மாறி, மடக்கு, செயற்கூறு போன்றவற்றில் ஓரளவு பழக்கம் உள்ளவர்களுக்கானது என்ற பொருளில் சொல்லிவிட்டார்கள். புதியவரும் படிக்கலாம், தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் உதவியாக இருக்கும் என்றும் சேர்த்தார்கள். அவர்கள் இருந்த பெல் ஆய்வகத்தில் அடுத்த அறைக் கதவைத் தட்டினால் தெரிந்தவர் இருப்பார். பெங்களூரின் புறநகர் விடுதி ஒன்றில் இரவு பதினொரு மணிக்குப் படிக்கும் மாணவருக்கு நூலைத் தவிர வேறு துணை இல்லை.

சி-யில் தொடங்கும் எந்த நூலுக்கும் இன்னொரு சோதனை, முதல் வாரமே வருகிறது. விசைப்பலகையிலிருந்து ஓர் எண்ணை வாங்க 'ஸ்கேன்எஃப்' வேண்டும், மாறியின் பெயருக்கு முன் '&' குறி வேண்டும். அந்தக் குறி நினைவக முகவரியைக் குறிக்கிறது. முகவரி என்றால் என்ன என்பது பாயின்டர் அத்தியாயத்தில், நூலின் கடைசிப் பகுதியில்தான் வரும். ஆகவே மாணவர் காரணம் தெரியாத ஒரு சடங்கைப் பல மாதம் செய்துகொண்டிருக்கிறார். பைத்தானுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை, வேறொன்று இருக்கிறது. உள்ளீடாக வாங்கிய 5-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 8 வராது, 53 வரும். உள்ளே வந்தவை எண்கள் அல்ல, எழுத்துகள். எந்த மொழியிலும் இப்படிப்பட்ட பள்ளம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நூல் நின்று எச்சரிக்கிறதா, கையைப் பிடித்துத் தாண்டவைக்கிறதா என்பதில் ஒரு நூலுக்கும் இன்னொரு நூலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

ஆலன் டவுனி என்ற அமெரிக்க ஆசிரியரின் அனுபவம் இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. 1999 ஜனவரியில், ஜாவா அறிமுக வகுப்பை மறுபடியும் நடத்த அவர் தயாராகிக்கொண்டிருந்தார். முந்தைய வகுப்புகளில் தோற்றவர்கள் அதிகம், தேறியவர்கள் கற்றதும் குறைவு என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. குற்றத்தின் ஒரு பங்கு நூல்களுடையது என்று கண்டார். பெரியவை, மொழியின் தேவையற்ற நுணுக்கங்கள் நிறைந்தவை. தொடக்கத்தில் எளிதாகப் போய், ஐந்தாம் அத்தியாயத்தை ஒட்டிக் காலடித் தரையே பெயர்ந்து விழுவதுபோல் ஆகிவிடும் நூல்கள். வகுப்பு தொடங்க இரண்டு வாரமே இருந்தபோது தானே எழுத முடிவு செய்தார். ஐம்பது பக்கம் கொடுத்து மாணவர் படிக்காமல் விடுவதைவிட, பத்துப் பக்கம் கொடுத்துப் படிக்கவைப்பது மேல் என்பது அவருடைய கணக்கு. எழுதியதை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மாற்றலாம் என்று உரிமத்தோடு விட்டார். வர்ஜீனியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரான ஜெஃப் எல்க்னர் அதை எடுத்துப் பைத்தானுக்கு மாற்றினார்.

அந்த நூல் கடல் தாண்டி வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் தன் 2017 ஒழுங்குமுறையில், எல்லாப் பொறியியல் பிரிவுகளுக்கும் முதல் பருவ நிரலாக்கப் பாடத்தைப் பைத்தானில் வைத்தபோது, அந்தப் பைத்தான் வடிவத்திலிருந்து வளர்ந்த டவுனியின் 'திங்க் பைத்தான்' பாடநூலானது. பெங்களூர்க் கல்லூரிகள் பல இணைந்துள்ள விஸ்வேஸ்வரய்யா பல்கலைக்கழகமும் தன் பைத்தான் பாடத்துக்கு அதையும், அல் ஸ்வெய்கார்டின் நூலையும் பட்டியலில் சேர்த்தது. இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஸ்கீம் மாறினாலும் விலை கொடுத்த நூல் வீணாயிற்றே என்ற கவலை மாணவருக்கு இல்லை. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

இருந்தாலும் நூல் தானாகப் பொருந்திவிடாது. ஸ்வெய்கார்ட் தன் நூலை எழுதியது மென்பொருள் பொறியாளராகப் போகிறவருக்கு அல்ல. நாள் முழுதும் கோப்புகளின் பெயரை மாற்றுவதும், எக்செல் தாள்களை ஒட்டுவதுமாகச் சலித்துப்போன அலுவலக ஊழியருக்கு. அந்தச் சலிப்பைப் பதினெட்டு வயது மாணவர் இன்னும் அனுபவித்திருக்க மாட்டார். இந்த நூலைக் கையாளும் ஆசிரியர் அந்த இடத்தில் மாணவரின் சொந்தச் சலிப்பை வைக்க வேண்டும்: ஆய்வகப் பதிவேட்டுக்காகக் கணக்கிடும் அட்டவணைகள், பி.எம்.டி.சி. பேருந்து நேரங்கள், ஊரில் அப்பாவின் கடைக் கணக்கு. டவுனியின் நூலிலோ உரை சுருக்கம், பயிற்சிகள் சில இடங்களில் செங்குத்து. கணிதத்தில் பலமில்லாத மாணவருக்கு நடுவே இன்னும் நாலு படிகளைப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்தப் படிகள் என்ன வடிவத்தில் இருக்கலாம் என்பதற்கும் ஆய்வுத் துணை உண்டு. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டியது: தொடக்கநிலை மாணவருக்கு வெறும் கணக்குகளைக் குவிப்பதைவிட, படிப்படியாகச் செய்துகாட்டிய கணக்கையும் அதே மாதிரியான புதுக் கணக்கையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது பலன் தருகிறது. நிரலாக்கத்தில் நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பாட்ரிசியா ஹேடனும் 2006-இல் வேறொரு வகைப் பயிற்சியை அறிமுகப்படுத்தினார்கள். சரியான நிரலின் வரிகளைக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்வது. வெற்றுத் தாளைக் கண்டு மிரளும் மாணவரும் இதில் கைவைப்பார். நம் நூல்களில் பயிற்சி என்றாலே 'ஒரு நிரல் எழுதுக' என்றுதான் இருக்கிறது. படிப்பதற்கும், பிழை கண்டுபிடிப்பதற்கும், வரிசைப்படுத்துவதற்கும் கேள்விகள் இல்லை.

வேறொன்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. 2018 ஸ்கீமில் சி பாடத்தின் முதல் மாட்யூல், கணிப்பொறியின் தலைமுறைகள், வகைகள், உள்ளீட்டுக் கருவிகள், வெளியீட்டுக் கருவிகள், போர்ட்டுகள் என்று போனது. வெற்றிடக் குழாயிலிருந்து அச்சுப்பொறி வரை மனப்பாடம் செய்த பிறகுதான் மாணவர் முதல் நிரலைத் தொட்டார். பாடத்திட்டத்துக்கு இணங்க எழுதப்படும் நூலும் அதே வரிசையில் போகும். தேர்வின் அமைப்பு இதை இறுக்குகிறது: ஐந்து மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒரு முழுக் கேள்வி. மனப்பாடப் பகுதிக்கும் நிரல் பகுதிக்கும் ஒரே எடை. பாய்வுப் படங்களுக்கும் இதே மரியாதை. 1977-இலேயே பென் ஷ்னைடர்மேன் குழுவினர் சோதித்துப் பார்த்து, விரிவான பாய்வுப் படங்களால் நிரலாக்கத்தில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்று எழுதினார்கள். நம் பதிவேடுகளில் அளவுகோல் வைத்து அவற்றை வரைவது இன்றும் நிற்கவில்லை.

மொழியின் சுமையையும் சேர்த்துத்தான் நூலை எடைபோட வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூர்க் கல்லூரிக்கு வரும் மாணவரில் சிலர் தமிழ் வழியில் படித்தவர்கள். தமிழகத்தில் 2018-இல் வந்த புதிய பாடத்திட்டம் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று வைத்தது. தமிழ் வழி நூலும் உண்டு. அதில் படித்தவருக்கு ஃபங்ஷன் என்பது செயற்கூறு, கிளாஸ் என்பது இனக்குழு. கருத்து அவருக்குத் தெரியும், பெயர் மட்டும் புதிது. ஆங்கில நூலின் முதல் பக்கத்தில் தெரியாத பெயர்களைக் கண்டு, தெரிந்ததையும் தெரியாது என்று அவர் ஒதுங்கிவிடுகிறார். கன்னட வழியில் வந்தவருக்கும் இதே நிலைதான். பாம்பே ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இதற்கு நல்ல உபாயம் கண்டது: திரையில் ஆங்கிலம் அப்படியே இருக்கும், விளக்கும் குரல் மட்டும் தமிழிலோ கன்னடத்திலோ வரும். அச்சு நூலிலும் இதைச் செய்யலாம். வகுப்பாசிரியர் தயாரித்துத் தரும் இரண்டு பக்கச் சொற்பட்டியலே முதல் மாதத்தின் பயத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இப்போது, கேட்டவுடன் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவரின் கைபேசிக்கே வந்துவிட்டன. டவுனி 2024-இல் தன் நூலின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது அவற்றையும் கற்றலுக்குப் பயன்படுத்தும் குறிப்புகளைச் சேர்த்தார். கருவி எழுதிய இருபது வரி சரியா தவறா என்று சொல்ல, அதை வரிவரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். துளை அட்டைக் கட்டோடு வரிசையில் நின்ற மாணவர் மனத்துக்குள் செய்த வேலை அது.

நூல் தெரிவுக் குழுவில் உட்காரும் ஆசிரியருக்கு ஒரு வாரம் போதும். கையிலுள்ள நூல்களின் பொருளடக்கத்தை விட்டுவிட்டு, நேரே ஐந்தாம் அத்தியாயத்தைத் திறக்கலாம். நிரலே அறியாத முதலாண்டு மாணவர் மூவரை அழைத்து, முதல் நாலு அத்தியாயங்களைத் தனியே படிக்கச் சொல்லி, ஐந்தாவதில் எந்தப் பக்கத்தில் புருவம் சுருங்குகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம். நூலில் உள்ள நிரல்களை மாணவரிடம் உண்மையில் இருக்கும் கணிப்பொறியில் ஒன்றுவிடாமல் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை மாலை மெட்ரோவில் சிக்பேட்டையில் இறங்கி, அவென்யூ சாலையில் பரிசீலனையில் உள்ள நூல்களின் பழைய பிரதிகளில் பத்துப் பன்னிரண்டை வாங்கி வரலாம். ஒவ்வொன்றிலும் கடைசிப் பென்சில் கோடு விழுந்த பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் போகலாம்.